பர்மாத் தேக்கும் மண்சட்டியும்

வீட்டுக்கடன் கேட்டு வந்த ஒருவர் கட்டுமான மதிப்பீட்டை நீட்டினார். சிமெண்டு, கம்பி, செங்கல் என்று போய்க்கொண்டிருந்த பட்டியலின் நடுவில் ஒரு வரி: காரைக்குடிப் பழைய தேக்குத் தூண், 4. எங்கள் வையம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் காட்டில், சோளக்கொல்லைக்கு நடுவே எழும்பப் போகிற வீட்டுக்கு நாலு பர்மாத் தேக்குத் தூண். “பழைய செட்டியார் வீட்டுது சார். நூறு வருசத்து மரம். கரையான் தொடாது” என்றார். தூணுக்கு ரசீது இருந்தது. எந்த வீட்டை இடித்து எடுத்த தூண் என்று ரசீதில் இல்லை. வங்கிக்கு அது தேவையும் இல்லை. கிளார்க்கு வேலை எனக்கு. வரிசை எண் போட்டுக் கோப்பில் சேர்த்தேன்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் இந்தச் சாமான்களுக்கென்றே கடைகள் இருக்கின்றன. தூண், நிலை, கதவு, ஜன்னல், பீங்கான் ஜாடி, எனாமல் தூக்கு, பெல்ஜியம் கண்ணாடி, ரவிவர்மா படம், பூட்டுச் சாவிக்கொத்து வரைக்கும் கிடைக்கும். பங்காளிகள் பிரிந்து, பராமரிக்க ஆளில்லாமல், ஒரு வீட்டுக்கு இருபது வாரிசு கையெழுத்து வேண்டியதாகி, கடைசியில் வீடு கிலோ கணக்கில் தெருவுக்கு வருகிறது. இடிபடாமல் தப்பிய சில வீடுகள் ஓட்டல்களாகிவிட்டன. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில் ஒரு செட்டிநாட்டு வணிகர் வீட்டைக் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தற்காலிகப் பட்டியலில் செட்டிநாடும் ஏறியது. பட்டியலில் அதற்குக் கொடுத்திருக்கும் பெயரைத் தமிழில் சொன்னால், ‘செட்டிநாடு, தமிழ் வணிகர்களின் கிராமத் தொகுப்புகள்’. தலைப்பிலேயே ஊர் யாருடையது என்று பட்டா எழுதியாகிவிட்டது.

இந்த வீடுகளைப் பார்க்க நான் போயிருக்கிறேன். மணப்பாறை, துவரங்குறிச்சி, பொன்னமராவதி என்று பஸ் மாறி மாறிப் போனால் கானாடுகாத்தான். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் அரண்மனை அங்கேதான், 1912இல் கட்டி முடித்தது. சுற்றிலும் தெருத்தெருவாக மாளிகைகள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி, பின்கட்டு என்று நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வெளிச்சம் ஒரு தாயக்கட்டை அளவுக்குத் தெரியும். ஆத்தங்குடிக் கல் தரையில் கால் வைத்தால் சித்திரை வெயிலிலும் சில்லென்றிருக்கும். அழகாக இருக்கின்றனவா என்றால், இருக்கின்றன. அதை மறுத்து நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அந்த அழகு நம்ம சித்தாளும் நம்ம கொத்தனும் ஆசாரியும் சேர்ந்து செய்தது.

சுற்றிக் காட்டுகிறவர் சொல்வதைக் கவனித்தேன். தேக்கு பர்மாவிலிருந்து வந்தது. பளிங்கு இத்தாலியிலிருந்து வந்தது. கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து வந்தது. சுவரில் முட்டை வெள்ளைக்கரு பூசப்பட்டது. எல்லாம் தானே கிளம்பி, தானே நடந்து வந்து, தானே பூசிக்கொண்ட மாதிரி! யார் வெட்டியது, யார் இழுத்தது, யார் சுமந்தது, சுண்ணாம்பும் கடுக்காயும் போட்டு நாள்கணக்கில் அரைத்தது யார் கை? எழுவாயே இல்லாத வாக்கியங்களால் கட்டிய வரலாறு இது. புத்தகங்களிலும் இதே கதைதான். விலை கூடிய புத்தகம் என்றால் வழவழப்பான தாளில் இருக்கும்.

நான் வங்கியில் கற்றுக்கொண்ட ஒன்று இங்கே உதவுகிறது. இரட்டைப் பதிவுக் கணக்கில் ஒரு பக்கம் வரவு எழுதினால் எதிர்ப்பக்கம் பற்று எழுதியே ஆகவேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குக் கணக்கை முடித்து வீட்டுக்குப் போக முடியாது. நகரத்தாருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பேரேடும் குறிப்பேடும் அவர்கள் எழுதிய துல்லியத்தைப் பார்த்து வெள்ளைக்காரனே அசந்துபோனான். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் என்று அடுக்கடுக்காக ஆள் வைத்து, ரங்கூன் மொகல் தெருவில் கோயிலில் கூடி மாதாமாதம் நடப்பு வட்டியை நிர்ணயித்தவர்கள். அப்படிப்பட்டவர்களின் வீட்டுக்கு மட்டும் ஒற்றைப் பக்கக் கணக்கு எழுதிவைத்திருக்கிறது பாரம்பரியத் துறை. எதிர்ப்பக்கத்தை எழுதிப் பார்ப்போம்.

முதலில் பர்மா. 1852இல் கீழ் பர்மாவை வெள்ளையர் பிடித்த பிறகு, ஐராவதிக் கழிமுகக் காட்டையும் சதுப்பையும் வெட்டி வயலாக்கினார்கள் பர்மிய விவசாயிகள். சூயஸ் கால்வாய் 1869இல் திறந்ததும் அந்த அரிசிக்கு ஐரோப்பாவில் சந்தை பெருகியது. உழவனுக்கு நேராகக் கடன் கொடுக்க வெள்ளைக்கார வங்கிகள் தயாராக இல்லை. அவை செட்டியாருக்குக் கொடுத்தன. செட்டியார் உழவனுக்குக் கொடுத்தார். 1930 வாக்கில் பர்மா முழுக்கச் சுமார் 1,650 செட்டியார் கடைகள். அப்போது கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்கள் கையில் இருந்த நிலம் 5,70,000 ஏக்கர், நூற்றுக்கு 6 பங்கு. உலக மந்தம் வந்து நெல் விலை விழுந்தது. 1938இல் அது 24,68,000 ஏக்கர், நூற்றுக்கு 25 பங்கு. எட்டே வருசம். நாங்கள் நிலம் கேட்கவில்லை, கடன் திரும்பாததால் வந்து சேர்ந்தது என்பது நகரத்தார் தரப்பு. அது உண்மைதான். விளைநிலத்தை வாங்கிக்கொண்டு என்ன செய்வது என்று அவர்களே விழித்தார்கள். ஆனால் காட்டை வெட்டி வயலாக்கியவன் தன் வயலிலேயே குத்தகைக்காரனாக நின்றதும் உண்மை. பர்மிய விவசாயியோடு நமக்கு இந்த இடத்தில் உறவு இருக்கிறது. அவன் வெறுத்த ‘இந்தியன்’ என்ற சொல்லில் வட்டிக்கடைக்காரரும் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய கூலியும் சேர்ந்தே அடங்கினார்கள். 1930 மே மாதம் ரங்கூன் கலவரத்தில் வெட்டுப்பட்டு விழுந்தவர்கள் துறைமுகத் தெலுங்குக் கூலிகள்.

அடுத்தது கண்டிச்சீமை. இது எங்கள் வீட்டுக் கதை. அப்பாயியின் அப்பா இங்கிருந்துதான் போனார். எங்க மாவட்டம் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற மையம் என்பது இப்போது யாருக்கும் தெரியாது. 1904இல் தொடங்கிய இலங்கைத் தொழிலாளர் ஆணையத்துக்குத் தலைமையகமே திருச்சிராப்பள்ளிதான். கங்காணி பிடித்த ஆளுக்குத் தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை ஒன்று கொடுத்து ரயிலேற்றுவார்கள். மாட்டுச் சந்தைக்குப் பேர்போன மணப்பாறைப் பக்கத்து ஆளான எனக்கு அந்த வில்லையைப் பற்றிப் படித்தபோது வேறு எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை. கங்காணி கொடுத்த முன்பணம் கூலியின் தலையில் கடனாக ஏறும். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கங்காணி தன் ஆட்களோடு போகவேண்டுமென்றால் ‘துண்டு’ வேண்டும். இவ்வளவு கடன் பாக்கி, அதைக் கட்டினால் ஆட்களை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கிற சீட்டு. கடனை விற்றார்கள், கடனோடு ஆளும் கைமாறினான். 1921இல்தான் இதை ஒழித்தார்கள். கொழும்பு செட்டியார் தெருவிலிருந்து துரைக்கும் கங்காணிக்கும் பணம் போனது; அதன் வட்டி ஏறி இறங்கி முடிகிற கடைசிப் படியில் கொழுந்து பறிக்கிற பெண்ணின் கூலி இருந்தது. இன்றைக்கு ஒருவர் கடனைக் கட்டி முடித்தால் பாக்கியில்லை என்று நான் சான்று தட்டச்சு செய்து கொடுக்கிறேன். எங்க கொள்ளுத்தாத்தாவுக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஆனால் அவர் திரும்பி வந்தார். வரும்போது ஒரு பித்தளைச் செம்பும் ஒரு கறுப்புக் குடையும் கொண்டுவந்தார். அந்தக் குடையைப் பற்றி அப்பாயி சொல்லும்: “சேரி முச்சூடும் வந்து பாத்துச்சாம். ஆனா ஊர்த்தெரு வந்தா மடக்கிக் கக்கத்துல வச்சுக்கணும். மழ பேஞ்சாலும்தான். அப்புறம் எதுக்கு அந்தக் கொடைன்னு எங்கம்மா கேக்குமாம்.”

இதைக் குடும்பக் கதையாகவே வைத்திருந்தேன், ஹட்டனைப் படிக்கும் வரைக்கும். 1931 குடிமதிப்பின் ஆணையர் ஜே. எச். ஹட்டன், இந்தியச் சாதிகளைப் பற்றிய தன் நூலில் ஒரு பட்டியலைப் பதிந்து வைத்திருக்கிறார். 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் கள்ளர் நாட்டார்கள் ஆதிதிராவிடருக்கு விதித்த எட்டுத் தடைகள். செட்டிநாட்டின் பெரும்பகுதி அன்றைக்கு அந்த மாவட்டத்தில்தான். தங்கம், வெள்ளி நகை போடக்கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக்கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. கிராப்பு வெட்டக்கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக்கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மேலுடம்பை மறைக்கக்கூடாது. பூவும் மஞ்சளும் வைக்கக்கூடாது. வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. தானியக் குதிர்கள் நாசமாயின. ஆடுமாடுகள் கொள்ளை போயின. 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக நீண்டது. பிள்ளைகள் படிக்கக்கூடாது, சொந்தமாக நிலம் வைத்துப் பயிரிடக்கூடாது என்பவை அதில் சேர்ந்தன.

இந்தப் பட்டியலை நம் மேடைகளில் பலமுறை வாசித்திருக்கிறோம். இழிவுக்குச் சான்றாக வாசித்தோம். எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. இல்லாத ஒன்றை யாரும் தடை செய்வதில்லை. எவனும் குடை பிடிக்காத சேரியில் குடைக்கு எதற்குத் தடை? அப்படியானால் 1930இல் இராமநாதபுரத்துச் சேரியில் குடை இருந்திருக்கிறது. சட்டை இருந்தது, கிராப்புத் தலை இருந்தது, பித்தளைப் பாத்திரம் இருந்தது, ரவிக்கை இருந்தது. எங்கிருந்து வந்தது? ரங்கூன், பினாங்கு, கண்டி போய்த் திரும்பியவர்களிடமிருந்தும் பள்ளிக்கூடத்துக்கும் பட்டாளத்துக்கும் போனவர்களிடமிருந்தும் வந்தது என்றே நான் வாசிக்கிறேன். ஹட்டனின் பட்டியலைத் தலைகீழாகப் பிடித்தால், நம் முன்னோர் கடல் கடந்து கொண்டுவந்த சாமான்களின் பட்டியல் அது.

எந்தக் கடலில் செட்டியாரின் தேக்கு வந்ததோ அதே கடலில்தான் நம் ஆளின் குடையும் வந்தது. ஒன்று தூணாகி நின்றது. மற்றொன்று குற்றமானது. செட்டிநாட்டு வீடுகளின் சாமான் அறைகளில் வெள்ளியும் பித்தளையும் எனாமலும் டஜன் டஜனாக, அடையாளம் பொறித்து, கலியாணச் சீராக அடுக்கிவைத்திருந்த அதே வருசங்களில், அதே மாவட்டத்தில், சேரியில் ஒரு பித்தளைச் செம்பு வைத்திருந்ததற்காகக் குடிசை எரிந்திருக்கிறது. இன்றைக்கு அந்த எனாமல் தூக்கைச் சுற்றுலாக்காரர்கள் படம் பிடிக்கிறார்கள்.

தடை போட்டவர்கள் நாட்டார்கள், நகரத்தார் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. என் நண்பர் ஒருவரே கேட்டார். சரிதான், விதித்தவர் பெயரை மாற்றி எழுதுகிற வேலை நமக்கு வேண்டாம். ஆனால் மாளிகையின் வரலாற்றை எழுதுகிறவர் மாளிகைச் சுவரோடு நிறுத்திக்கொள்வதில்லை. தெருவமைப்பை எழுதுகிறார், மழைநீர் வழிந்தோடும் வாய்க்காலை எழுதுகிறார், ஊரணியை எழுதுகிறார், ஒன்பது நகரக் கோயில்களை எழுதுகிறார். ஊரே ஒரு முழுமை என்கிறார். அந்த முழுமைக்குள் சேரி மட்டும் எப்படி வெளியே நிற்கிறது? ஊரணியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும்போது, அதன் படியில் யார் இறங்கலாம், யார் குடத்தோடு கரையில் காத்து நிற்கவேண்டும் என்பதும் நீர் மேலாண்மைதானே?

பழங்கதை என்றும் தள்ள முடியாது. தேவகோட்டைக்குப் பக்கத்து உஞ்சனையில் 1979இல் கோயில் திருவிழா உரிமைப் பிரச்சினையில் ஐந்து தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பக்கத்திலேயே கண்டதேவி. அங்கே தேர்வடம் பிடிக்கிற உரிமையைத் தலித்துகள் 1990களின் கடைசியில் கேட்டபோது வழக்கு, 144, போலீஸ் முகாம், அப்புறம் ஓடாமலே நின்ற தேர். 2024 ஜூனில்தான் போலீஸ் காவலோடு எல்லாச் சாதியாரும் வடம் பிடிக்க அது ஓடியது. பாரம்பரிய நடைப் பயணம் போகிறவர்களின் கார் இந்தச் சாலைகளில்தான் போய் வருகிறது.

வீட்டின் கதை எப்படி முடிந்தது என்பதையும் எழுதவேண்டும். 1941 டிசம்பரில் ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தது. வசதி உள்ளவர்கள் கப்பலைப் பிடித்தார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் காடும் மலையும் தாண்டி அசாம், மணிப்பூர், சிட்டகாங் பக்கம் வந்தார்கள். வழியில் காலராவிலும் பசியிலும் பல்லாயிரம் பேர் செத்தார்கள். தப்பியோடுகிற பாதையிலும் வெள்ளையர் பாதை, கறுப்பர் பாதை என்று பிரித்தது சர்க்கார். பிறகு 1960களில் நே வின் அரசு கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்க, மிச்சம் மீதி இருந்தவர்களும் திரும்பினார்கள். அதே காலத்தில் 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் மலையகத்திலிருந்து லட்சக்கணக்கில் நம்மாட்களைக் கப்பலேற்றியது. நாலு தலைமுறை தேயிலை பறித்தவர்களுக்கு மண்டபம் முகாம். சிலருக்கு எங்க திருச்சி கொட்டப்பட்டு முகாம். செட்டிநாட்டில் வீடுகள் பாதியில் நின்றன, பூட்டப்பட்டன. வெள்ளையடிக்கவும் பணமில்லாமல் போன வீடுகள் உண்டு. அந்தக் குடும்பங்களின் துயரத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் பூட்டுவதற்கு அவர்களிடம் ஒரு வீடு இருந்தது.

என் தொழிலிலிருந்து இன்னொரு சேதி. 1937 பிப்ரவரி 10 அன்று மு.சி.த.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தது. 1969 ஜூலை 19இல் நாட்டுடைமையான 14 வங்கிகளில் அதுவும் ஒன்று. அதே 1969இல்தான் பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பியவர்களின் மறுவாழ்வுக்கென்று ரெப்கோ வங்கி வந்தது. ஒரே கடல் வியாபாரத்தின் மேல்முனையில் ஒரு வங்கி, கீழ்முனையில் ஒரு வங்கி. நாட்டுடைமை ஆனதால்தான் இடஒதுக்கீட்டில் எங்களைப் போன்றவர்கள் கவுண்டருக்கு உள்பக்கம் வந்து உட்கார முடிந்தது. வட்டிக் கணக்கை இன்றைக்கு எங்க கை எழுதுகிறது. தனியார்மயம் என்று மாநாடு போட்டுப் பேசுகிறவர்கள், அந்தக் கவுண்டரின் உள்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசினால் நல்லது. இது வேறு கட்டுரை, இங்கே விட்டுவிடுகிறேன்.

வரவுப் பக்கத்தில் எழுதவேண்டியதையும் விடக்கூடாது. 1947இல் காரைக்குடியில் கல்லூரி தொடங்கித் தன் சொத்தையெல்லாம் கல்விக்குக் கொடுத்த அழகப்பச் செட்டியாரை மறைத்து ஒரு கணக்கு எழுதினால் அதுவும் பொய்க்கணக்குத்தான். சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துச் சேரிகளிலிருந்து முதல் பட்டதாரியாக வந்தவர்களில் பலர் அந்தக் கல்லூரி மரத்தடியில் உட்கார்ந்தவர்கள்.

ஆகவே நான் சொல்ல வருவது, வீடுகளை இடிக்கட்டும் என்பதில்லை. நம் தோழர்களில் சிலர் அப்படிப் பேசுகிறார்கள். சேரி எரிந்தபோது யாரும் அழவில்லை, மாளிகை விழுந்தால் நமக்கென்ன என்கிறார்கள். கோபம் புரிகிறது. ஆனால் இடிந்து தூண்தூணாக விலைபோன வீட்டிடம் யாரும் எந்தக் கேள்வியும் கேட்க முடியாது. வையம்பட்டிச் சோளக்கொல்லையில் வந்து நிற்கும்போது அது வெறும் தேக்கு. கானாடுகாத்தானில் நிற்கிற வரைக்கும்தான் அது சாட்சி. அரசு பணம் செலவழித்து இந்த வீடுகளைக் காக்கவேண்டும் என்று கேட்கிறார்களே, காக்கட்டும். அந்தப் பணத்தில் நம் வரியும் இருக்கிறது. ஆகவே வாசலில் வைக்கிற பலகையில் என்ன எழுதுவது என்பதில் நமக்கும் பங்கு உண்டு. இத்தாலிப் பளிங்குக்குப் பக்கத்தில் ஐராவதி வயலின் ஏக்கர் கணக்கு இருக்கட்டும். சாமான் அறைக் கதவில் 1930 டிசம்பரின் எட்டுத் தடைகளையும் ஒட்டட்டும். யுனெஸ்கோவுக்கு முழு விண்ணப்பம் போகும்போது ஊர் வரைபடத்தில் சேரியும் அதன் கிணறும் சுடுகாடும் அவற்றுக்குப் போகிற பாதையும் குறிக்கப்படட்டும்.

அதிகாரிகள் இதைத் தாமாகச் செய்யமாட்டார்கள். காரைக்குடி, தேவகோட்டை, புதுக்கோட்டை கல்லூரிகளில் படிக்கிற தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் சேரியில் எழுபது, எண்பது வயதுக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் அம்மா எந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தார், கூலி காசா நெல்லா, பின்வாசலில் எந்தக் கல் வரைக்கும் வரலாம், தண்ணீரை எதில் ஊற்றினார்கள், கண்டிக்கோ ரங்கூனுக்கோ பினாங்குக்கோ யார் போனார், எந்தக் கங்காணி கூட்டிப் போனான், திரும்பும்போது என்ன கொண்டுவந்தார் என்று கேட்டு எழுதுங்கள். செம்போ குடைக்காம்போ தகரவில்லையோ தோட்டத்துச் சீட்டோ எந்த வீட்டுப் பரணிலாவது கிடந்தால் படம் எடுங்கள், சாமான் அவர்களிடமே இருக்கட்டும். நடை பற்றிக் கவலை வேண்டாம், அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். தை மாதத்துக்குள் இதழ் முகவரிக்கு அனுப்பினால், சேர்த்து ஒரு தனி இதழாகக் கொண்டுவரலாம் என்று ஆசிரியர் குழுவிடம் கேட்டிருக்கிறேன்.